அரிசி டிரம்மில் கிடந்த கொக்கி

அவள் யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த காலத்தில் அதைக் குறை என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்பிள்ளைக்கு இத்தனை வஞ்சம் ஆகாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறேன். "ஆம்பளைன்னா ஆவுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருக்கும் முறுக்கை எடுத்து உடைப்பாள். உடைத்ததும் வாயில் போடமாட்டாள். உடைந்த இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்த பிறகுதான் கடிப்பாள்.

பேரைச் சொல்லப் போவதில்லை. காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மேடம்தான், எனக்கும் மேடம்தான். வயதுக்கு என் கடைசித் தங்கை மாதிரி. அவள் தரக்கட்டுப்பாட்டில் இன்ஜினியர், நான் பேக்கிங், என் வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வந்துபோவது ஷிப்டுக்குத் தோதுப்படவில்லை என்று மணவாள நகரில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தாள். பெட்டி ஒன்று, புத்தக மூட்டை ஒன்று. கூடவே ஒரு சாக்குப் பை. அது என்ன பாத்திரமா என்று தூக்கிப் பார்த்தால் உள்ளே எல்லாம் உடைந்த போல்ட்டும் ஸ்பிரிங்கும்.

அவள் வஞ்சம் எப்படிப்பட்டது என்றால், ஒருமுறை ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன், "கல்யாணக் கோஷ்டி ஏறணும், நீ எறங்கிக்கமா" என்று அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். பிறகு வந்த ஐப்பசி மழையில் கம்பெனி வாசலில் நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நிற்கிறோம். அதே ஆட்டோ காலியாக வந்து நிற்கிறது. "ஏறு மேடம், நனையாத" என்கிறான் அவன். அவள் அவனைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். "கல்யாணக் கோஷ்டி வந்துகினு இருப்பாங்கண்ணா, வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி ஏறுவது? ஜுரம் வந்தது எனக்குத்தான், அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

கேன்டீனில் ஒருத்தன் "லேடீஸுக்கு எதுக்கு ரெண்டாவது வாட்டி சாம்பாரு" என்று சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து ஒரு தூக்குப் போணி நிறைய வீட்டுச் சாம்பாரைக் கொண்டுபோய் அவன் கண் முன்னால் உட்கார்ந்து, ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டாள். எங்கள் பெண்களுக்கெல்லாம் அதில் பங்கு உண்டு. அந்தச் சாம்பாரை வைத்தது யார் என்று கேட்க வேண்டாம். அவளுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது.

சத்தம் போடமாட்டாள், திட்டமாட்டாள், யாரிடமும் போய்ப் புகார் சொல்லமாட்டாள். சிரித்துக்கொண்டே ஞாபகம் வைத்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் களி கிண்டும்போது என் இரும்புக் கரண்டிக் காம்பு இரண்டாக உடைந்தது. நான் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்க்கப் போனேன். மாடிப்படியிலிருந்து ஒரு அலறல்.

"ஒட்ட வெக்காதீங்கக்கா! மூஞ்சி போயிரும்!"

"கரண்டிக்கு இன்னா மேடம் மூஞ்சி?"

"ஒடஞ்ச எடம்தான் அதோட மூஞ்சி. எப்பிடிச் செத்துச்சுன்னு அதுலதான் எழுதிக் கீது. ரெண்டையும் சேத்துத் தேச்சீங்கன்னா அழிஞ்சிரும்."

காட்டினாள். உடைந்த இடத்தில் முக்கால்வாசி கறுத்து மங்கிக் கிடந்தது. ஓரமாகக் கொஞ்சம் மட்டும் பளபளப்பு. கறுப்பு பழைய விரிசல், அது எத்தனையோ மாதமாக உள்ளே ஊர்ந்துகொண்டு இருந்திருக்கிறது. பளபளப்புதான் இன்றைக்கு உடைந்தது. "தெனம் அதே எடத்துல அழுத்திக் கிண்டுறீங்க. ஒவ்வொரு அழுத்தலையும் அது உள்ள வெச்சுக்கினே இருக்கும். தாங்காத அன்னிக்கு ஒடையும். யார் கையில கீதோ அவங்க மேல பழி" என்றாள்.

"அப்ப அதுவும் உங்கள மாதிரிதான்னு சொல்லுங்க" என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போகிற இடமெல்லாம் அக்கா இப்படிச் சொன்னாங்க என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எங்கள் கம்பெனியில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அச்சில் வைத்து அடிப்பார்கள். அந்த அச்சுக்கட்டை ஒவ்வொன்றும் ஆள் உயரம் இல்லாவிட்டாலும் யானைக் கனம். அதைத் தூக்கி வைக்கிற கிரேன்தான் என் வீட்டுக்காரருடையது. ஆயுத பூஜை வந்துவிட்டால் எஸ்டேட் முழுக்க நடப்பதுதான் எங்களிடமும் நடக்கும். மெஷினைக் கழுவி, பெயிண்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பொரி தருவார்கள். நாங்கள் வேதக்காரர்கள்தான், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அன்றைக்குக் கிரேனுக்கு மாலை போடுவது என் வீட்டுக்காரர்தான், அவர் மெஷின் அது.

எங்கள் ஜி.எம்.முக்குப் பெயிண்ட் ஒரு கிறுக்கு. வருஷத்துக்கு ஒரு கலர். ஒரு வருஷம் எல்லாமே பச்சை. அடுத்த வருஷம் எல்லாமே மஞ்சள். வீட்டம்மா புடவையைப் பார்த்து கலர் முடிவு பண்ணுகிறார் என்று பேக்கிங்கில் நாங்கள் சிரிப்போம். கிரேன் கொக்கியைக்கூட விடமாட்டார். முதலாளி வந்து பார்க்கும்போது கண்ணைப் பறிக்க வேண்டும் அவருக்கு.

பச்சை அடித்த வருஷமே அவள் போய்க் கேட்டாள். கொக்கியில் பழைய பெயிண்டை எடுத்துவிட்டு, சிவப்பு மை ஒன்றைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தால் விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு பெயிண்ட் அடிக்கலாம், கிரேன் அரை நாள் நின்றால் போதும் என்றாள். ஜி.எம். வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்: "பண்டிகை நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க மேடம். போய்ப் பொரி வாங்கிக்குங்க."

அவள் பொரி வாங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் அவள் பொரி தின்று நான் பார்த்ததில்லை.

மஞ்சள் அடித்து, பொங்கல் கழிந்து, வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் கொக்கி வளைவில் இரண்டாக உடைந்தது. அச்சுக்கட்டை என் வீட்டுக்காரரின் இடது காலில் விழுந்தது. நான் பேக்கிங்கிலிருந்து ஓடிப் போவதற்குள் அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். செருப்பு மட்டும் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் அவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பட்டறையில் நடந்ததைப் பின்னால் சொன்னார்கள். கொக்கியின் கீழ்த்துண்டு தரையில் கிடந்திருக்கிறது. ஃபிட்டர்கள் வழக்கம்போல அதை எடுத்து மேலே தொங்குகிற பாதியோடு பொருத்திப் பார்க்கப் போயிருக்கிறார்கள். இவள் அதன் மேலே குனிந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாளாம், கோழி குஞ்சைக் காக்கிற மாதிரி. உடைந்த இடத்தை வெறும் கண்ணால் பார்த்தாள். ஓரத்தில் பச்சை. அதற்கு உள்ளே மஞ்சள். அதற்கும் உள்ளேதான் புது உடைசல்.

எங்களுக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள். "முழுசா இருக்கிற இரும்புக்கு உள்ள பெயிண்ட் எப்பிடிக்கா போவும்? பச்சை அடிச்ச அன்னிக்கே வாய் தொறந்து கீது, பச்சை உள்ள எறங்கிச்சு. மறுவருஷத்துக்குள்ள இன்னும் ஆழமாப் போயிருக்கு, மஞ்சள் அது வரைக்கும் எறங்கிச்சு. ரெண்டு பூஜைக்கும் அண்ணன் மாலை போட்டது விரிசல் உட்ட கொக்கிக்கு."

ஆனால் அதற்குள் ஜி.எம். சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் அரை மயக்கத்தில் இருந்தார். "கொஞ்சம் வெயிட்டு ஜாஸ்தி தூக்கிட்டீங்களோ?" என்று ஜி.எம். அன்பாகக் கேட்டார். என் மனுஷன் யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். "இருக்கும் சார், என் தப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லிவைத்தார். கூட இரண்டு பேர் சாட்சிக்கு நின்றார்கள். அவ்வளவுதான். அளவுக்கு மீறித் தூக்கினான், கவனக்குறைவு, வேலை போச்சு. நஷ்டஈடும் வெட்டுப்பட்டது. எஸ்டேட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் அவரே அதை நம்ப ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அன்னிக்கு அந்தக் கட்டை எந்தக் கட்டைமே? பெரிய கட்டையா, சின்னதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அவள் எழுந்து பச்சையையும் மஞ்சளையும் சொன்னாள். ஜி.எம். சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "கண்ணால பாத்தே சொல்லிடுவீங்களா? இதுல ஆராய்ச்சி ஏதாவது பண்ணியிருக்கீங்களா? உடைசலைப் பத்திச் சொல்ல நீங்க யாரு மேடம்?" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து என் சமையல்கட்டில் உட்கார்ந்து, "கேட்டான்கா, நீ யாருன்னு கேட்டான்" என்றாள். பிறகு, "ஆயிட்டு வந்து சொல்றேன்" என்றாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொக்கியின் மேல் பாதியைக் கழற்றி அவசரமாகக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற உலைக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ்த்துண்டு அடுத்த லோடுக்காகக் கழிவுத் தொட்டியில் கிடந்தது. அதன் மேல் அடித்திருந்த கிரேன் நம்பர் தெளிவாக இருந்தது. நான் பேக்கிங் பாலித்தீனும், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பாக்கெட்டுகளும் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைச் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். வாட்ச்மேன் பையைத் தூக்கிப் பார்த்தார். என் வீட்டுக்காரரோடு பீடி குடித்தவர் அவர்.

"இன்னா மேடம், சோறு இம்மாம் கனமா கீது?"

"ஆமாண்ணா. செரிக்க நாளாவும்."

அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சல்யூட் அடித்தாராம்.

எங்கே வைப்பது? ஈரம் படக்கூடாது, கை படக்கூடாது, யாரும் தேடக்கூடாது. என் அரிசி டிரம்மில் வைத்தோம். பாலித்தீனுக்கு உள்ளே பாலித்தீன், அதற்குள் சிலிக்கா, எல்லாவற்றையும் மூடி மேலே அரிசி. சிலிக்கா மணி நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும். ஆனதும் எடுத்து, அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வெளிப் பையில் உள்ளதை மட்டும் மாற்றுவோம், உள் பையைத் தொடமாட்டோம். மழைக்காலத்தில் நான் வறுத்தது மசாலாவைவிட அதிகம். தினமும் உழக்கை விட்டு அரிசி அள்ளும்போது விரல் அதில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் அந்த ஜி.எம்.மின் பேரைச் சொல்லி, நாக்கூசாமல் சாபம் விடுவேன். அந்த அரிசியைத்தான் பொங்கித் தின்றோம்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார். "மன்னிச்சிடும்மா, மனசு லேசாவும்" என்றார். எனக்கு லேசாக வேண்டாம் என்றேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "பாஸ்டர், மொதல்ல அந்தாளு வந்து மன்னிப்பு கேக்கணும் இல்ல? கேக்காதவனுக்கு எப்பிடிக் குடுக்கிறது?" என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை, டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது மன்னிக்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். வருஷக்கணக்காக மூடிக்கொண்டேன்.

அவள் வேலையை விட்டாள். நல்ல வேலை, பிரமோஷன் வரப்போகிற வேலை. வீட்டில் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாடியில் உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். முதல் தடவை கிடைக்கவில்லை, மறுபடியும் எழுதினாள். சென்னையில் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. இரும்பில் விரிசல் எப்படிப் பிறக்கிறது, எப்படி நகர்கிறது, எப்போது உடைக்கிறது, இதுதான் அவள் படிப்பு. உலகத்தில் எத்தனையோ இருக்க இதை ஏன் எடுத்தாய் என்று அவள் ப்ரொபசர் கேட்டாராம். "ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு சார்" என்றாளாம். அவர் அதை ஏதோ அறிவியல் என்று நினைத்துக்கொண்டார்.

ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டினாள். விரல் அளவு இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மெஷின் இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, விடுகிறது. லட்சக்கணக்கில் இழுக்குமாம். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் சாக்பீஸில் ஒரு பேர். பார்த்தால் ஒன்று ஆட்டோக்காரன், ஒன்று கேன்டீன்காரன். "கேன்டீன்காரன் நேத்துதான் ஒடஞ்சான்கா. ஆட்டோக்காரன் இன்னும் தாங்கிகினு கீறான், நல்ல எஃகு" என்றாள். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜி.எம். பேர் எழுதிய துண்டுகளை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. அவளே மாட்டி, அவளே கழற்றுவாள்.

"இம்மாம் பெரிய மைக்ராஸ்கோப் இருக்கே, நம்ம கொக்கியை இங்கயே பாத்துடலாமே?" என்றேன்.

"நான் பாத்தா, எனக்கு வோணும்ன்றதைத்தான் பாத்தேன்னு சொல்லுவாங்க. யாரும் தொடாத மூஞ்சியா அது இருக்கணும்கா."

அங்கே நடந்துபோகும்போது இன்னொன்றும் சொன்னாள். "அந்தாளு கேட்டது நியாயமான கேள்விதான்கா. பச்சை கீதுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியும். அம்மாம் விரிசலோட அது எவ்ளோ தாங்கும், எவ்ளோவுக்கு ஒடையும்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். இப்ப சொல்லுவேன்." வஞ்சம் தீர்க்கப் போன இடத்தில் அவளுக்கு அந்தப் படிப்பே பிடித்துப்போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனார். தொழிலாளர் கோர்ட்டில் நாங்கள் போட்ட கேஸ் வாய்தா வாய்தாவாக இழுத்தது. வெளிநாட்டில் படிக்க வந்த அழைப்பை அவள் தள்ளிவைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் வந்திருந்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார்.

"உட்டுடு மேடம். எனக்குக் காலு மொளைக்கவா போவுது? எங்களால உன் வாழ்க்கை பேஜாராப் போவுது."

அவள் கேக்கைப் பிட்டு, பிட்ட இடத்தைப் பார்த்தாள். "உங்களுக்காக இல்லண்ணா" என்றாள்.

காலை இழந்தவர் விட்டுவிடு என்கிறார். இவள் விடமாட்டேன் என்கிறாள். இது யாருடைய பகை என்றே எனக்குக் குழம்பிப்போனது. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளும் விட்டிருந்தால் நான் ஒற்றை ஆளாக அரிசி டிரம்மைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

கோர்ட்டில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். "ஒரு முக்கியமான சாட்சிப் பொருளை அரிசி டிரம்லயா வெச்சிருந்தீங்க?" என்று கம்பெனி வக்கீல் நக்கலாகக் கேட்டார்.

"ஆமா சார். எங்க ஊட்ல அதைவிடப் பத்திரமான எடம் இல்ல" என்றேன். நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் ஏறினாள். அப்போது பேருக்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டது. கம்பெனி பொருளைத் திருடினீர்களா என்றார். எடுத்தேன், அது உலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்றாள். கடைசியில் வக்கீல் நிமிர்ந்து நின்று கேட்டார்.

"என் கட்சிக்காரர் மேல உங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் இருக்கா, இல்லையா?"

எங்கள் வக்கீல் இல்லை என்று சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜி.எம்.மைப் பார்த்தாள்.

"இருக்கு சார். நிறைய இருக்கு" என்றாள். "எனக்குத்தான் இருக்கு, பெயிண்ட்டுக்கு இல்ல. அதனால நான் சொல்றதை யாரும் நம்ப வேணாம். கம்பெனிக்குப் பிடிச்ச நிபுணர் எந்த ஊர்ல இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. அவர் பிரிச்சுப் பாக்கட்டும். அவர் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்."

அவர்களே ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வெளி மாநிலத்துக் கிழவர், யாரிடமும் சிரிக்காதவர். இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டுதான் பாலித்தீனைப் பிரித்தார். உள்ளே இருந்த சிலிக்கா நீலமாகவே இருந்தது. அதைப் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார். எனக்கு அதுவே போதும்போல இருந்தது. அவர் எழுதிக் கொடுத்தது இதுதான்: ஓரத்தில் பச்சை, உள்ளே மஞ்சள். முதல் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே விரிசல் இருந்தது. இவ்வளவு ஆழம் போன பிறகு, அந்தக் கிரேனுக்கு அனுமதித்த எடையைத் தூக்கினாலே உடையும். ஆபரேட்டர் அளவு மீறினார் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்று கோர்ட் வராந்தாவில் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"அப்போ நான் ஜாஸ்தி தூக்கல?"

"இல்லண்ணா."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்ணா. படிச்சிட்டு வந்துதான் சொல்றேன்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கால் போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. ஜி.எம். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றார். "நடந்தது நடந்துபோச்சு. பழசை மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். மன்னித்துவிடுங்கள் என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அவள் அதைக் கவனித்தாள். "சரிங்க சார்" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும், ஆட்டோக்காரனுக்குச் சிரித்த சிரிப்பு அது.

அந்த ஜி.எம். அப்போது கும்மிடிப்பூண்டியில் அதே முதலாளியின் பெரிய ஃபேக்டரிக்குத் தலைவராக இருந்தார். தீர்ப்பைப் பார்த்து மிரண்டுபோன முதலாளி, எல்லாக் கிரேனையும் வெளியாள் வந்து சோதிக்க வேண்டும், அந்தம்மாவையே கூப்பிடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். அவள் ஒத்துக்கொண்டாள். கூட இரண்டு பேர் வருவார்கள் என்று மட்டும் சொன்னாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாளாகப் பார்த்துத் தேதி கொடுத்ததும் அவள்தான்.

போனோம். பட்டறை முழுக்கப் புதுசாக நீலம். வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கிரேன் கொக்கிகள் மூன்றையும் இடுப்பளவுக்கு இறக்கி நிறுத்தியிருந்தார்கள், மூன்றும் பளபளவென்று ஈரம் காயாத நீலம். தொழிலாளிகள் சுற்றி நின்றார்கள். அவள் ஒரு பிளாஸ்டிக் சேர் கேட்டு வாங்கி, முன்னால் போட்டு, என் வீட்டுக்காரரை உட்காரவைத்தாள்.

கம்பி பிரஷோடு ஒரு பையன் வந்தான். "அது வேணாம்பா, விரிசல் வாயை மூடிரும்" என்று அவனை அனுப்பிவிட்டு, பையிலிருந்து பெயிண்ட் கரைக்கிற டப்பாவையும் ஒரு மரச்சில்லையும் எடுத்தாள். நேராக ஜி.எம்.மிடம் போய் நீட்டினாள்.

"நீங்களே சுரண்டிடுங்க சார்."

"ஆளுங்க இருக்காங்களே மேடம்..."

"அவங்க பெயிண்ட் அடிச்சவங்க. அடிக்கச் சொன்னவங்கதான் சுரண்டணும். ரிப்போர்ட்ல நான்தானே கையெழுத்துப் போடப்போறேன்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். மருந்தைத் தடவினார், சுரண்டினார். நீலத்துக்குக் கீழே ஆரஞ்சு, ஆரஞ்சுக்குக் கீழே சாம்பல். வருஷா வருஷம் அவர் தேர்ந்தெடுத்த கலரெல்லாம் ஒவ்வொன்றாக அவர் நகக்கண்ணில் ஏறியது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இரும்பு தெரிந்தது. அவள் சிவப்பு மை தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தாள். எல்லோரும் கிட்டே குனிந்து பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடும் இல்லை.

ஜி.எம்.முக்கு உயிர் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஒண்ணுமே இல்லையே மேடம். போதுமா?" என்றார்.

அவள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, போதுமா?"

எனக்குத் தெரியும் அவர் என்ன சொல்வார் என்று. உட்டுடு மேடம் என்பார். எத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, முதல் கொக்கியைப் பார்த்தார். ஜி.எம்.மின் கையைப் பார்த்தார். பிறகு சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ரெண்டு கீதே மேடம்" என்றார். "சார் சுரண்டட்டும்."